யார் சொன்னது என்று கேட்ட பெஞ்சு

பொன்னமராவதி டீக்கடைப் பெஞ்சுகளில் காலையும் மாலையும் நடந்துவந்த அரசியல் வாக்குவாதம் இறந்துவிட்டது. பல காலம் நோயில் கிடந்து, பேச்சு மூச்சு குறைந்து, மெல்ல அடங்கியது. அது போய்விட்டது என்பது ஊருக்கே உறைத்த நாள் 2019 ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை.

அதற்கு முந்தின நாள்தான் நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு. எங்கள் வட்டாரம் சட்டமன்றத்துக்குத் திருமயம் தொகுதி, நாடாளுமன்றத்துக்குச் சிவகங்கை. வாக்குப்பதிவுக்கு மறுநாள் காலையில் டீக்கடைகளில் நிற்க இடம் இருக்காது என்பது பழைய வழக்கம். எந்தப் பூத்தில் எத்தனை சதவீதம், எந்தத் தெரு எந்தப் பக்கம் சாய்ந்தது, யாருக்கு டெபாசிட் போகும் என்று கணக்குப் போடுவதற்கென்றே பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் வருவார்கள். அந்த வெள்ளிக்கிழமை அந்தக் கணக்கைப் போட ஆள் இல்லை. ஒரு சமூகத்துப் பெண்களை வாய்கூசும் வார்த்தைகளால் இழிவுபடுத்தும் ஆடியோ ஒன்று வாட்ஸ்அப்பில் கைமாறிக் கைமாறி ஊரெங்கும் போயிருந்தது. நியாயம் கேட்டுக் காவல் நிலையத்தின் முன் கூட்டம் திரண்டது. பிறகு கல்வீச்சு, தடியடி, உடைந்த வாகனங்கள், இழுத்து மூடிய கடைகள். மாவட்ட நிர்வாகம் பொன்னமராவதி வட்டத்தின் 49 வருவாய்க் கிராமங்களுக்கு 144 தடை உத்தரவு போட்டது. டாஸ்மாக் கடைகள் அடைக்கப்பட்டன. அடுத்தடுத்த நாள்களில் பக்கத்து மாவட்டங்களிலும் மறியல்கள் நடந்தன.

அந்த ஆடியோவில் இருந்த வார்த்தைகளை இங்கே எழுதப்போவதில்லை. எந்தச் சமூகம் என்றும் எழுதப்போவதில்லை. எழுதினால் அந்தப் பேச்சை இன்னொரு தரம் கைமாற்றிய பாவம் என்னைச் சேரும். அன்று முதல் இன்றுவரை என்னை உறுத்துவது வேறு. ஆயிரக்கணக்கானவர்கள் காதில் அது விழுந்தது. ஒவ்வொருவருக்கும் அதை அனுப்பியவர் தெரிந்தவர்தான்: மச்சான், பங்காளி, கூடப் படித்தவன், ஊர் இளைஞர் குழுவில் இருப்பவர். அவரை உட்காரவைத்து, “இது ஒனக்கு எப்படி வந்துச்சு? பேசுனது யாரு? எனக்கு எதுக்கு அனுப்புன?” என்று நாலு பேர் முன்னால் கேட்கிற இடம் ஊரில் இல்லாமல் போயிருந்தது. ஒரு காலத்தில் அந்த இடம் இருந்தது. இந்த இரங்கல் அதற்குத்தான்.

பொன்னமராவதி பேரூராட்சிதான் என்றாலும் பல பக்கம் பாதை பிரியும் ஊர். புதுக்கோட்டைக்கு ஒரு பாதை, திருப்பத்தூர் வழியே காரைக்குடிக்கு ஒன்று, துவரங்குறிச்சிப் பக்கம் ஒன்று, மதுரைப் பக்கம் ஒன்று. கொன்னையூர் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள், பத்திரம் பதிய வந்தவர்கள், தாலுகா ஆபீசுக்கு மனுவோடு வந்தவர்கள் எல்லாம் இங்கே இறங்கி ஒரு டீயாவது குடித்துவிட்டுத்தான் அடுத்த பஸ் ஏறுவார்கள். அதனால் எங்கள் பெஞ்சில் தெருக்காரர்கள் மட்டும் உட்காரவில்லை. ஆலவயல்காரர் இருப்பார், காரையூர்க்காரர் இருப்பார், வேந்தன்பட்டிக்காரர் இருப்பார். ஒரு சேதி காலையில் இங்கே அடிபட்டு உதைபட்டு நின்றால் மத்தியானத்துக்குள் சுற்றுப்பட்டுக் கிராமங்களுக்குப் போய்விடும். நிற்காமல் விழுந்த சேதி, விழுந்தது என்ற தகவலோடு போகும்.

நாளிதழ்க் கட்டு விடியுமுன் வந்து இறங்கும். கடைக்காரர் ஒரு தந்தி வாங்குவார். சில கடைகளில் கூடுதலாக ஒரு தினமணி, தினகரன் அல்லது தீக்கதிர். கடைக்காரரின் கட்சியைப் பொறுத்து முரசொலியோ நமது எம்.ஜி.ஆரோ. ஏழு மணிக்குள் அந்த ஒரு பேப்பர் தாள் தாளாகப் பிரிந்து பெஞ்சின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் போயிருக்கும். முதல் பக்கத்தை வைத்திருப்பவர் உரக்கப் படிப்பார். எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் புரிய வேண்டும் என்று 1942-இல் சி.பா. ஆதித்தனார் தினத்தந்திக்கு வகுத்த நடை, இந்த உரத்த வாசிப்பில்தான் முழுப் பலன் கொடுத்தது. படிக்கத் தெரியாதவர்கள் காதால் கேட்டு, படித்தவரைவிடக் கெட்டியாக வாதாடியதைப் பார்த்திருக்கிறேன். படிப்பறிவும் அரசியல் அறிவும் ஒன்றல்ல என்பதை எனக்குக் காட்டியவர்கள் அவர்கள்தான்.

அந்த வாக்குவாதத்துக்கு எழுதி வைக்காத சட்டங்கள் உண்டு. ஒன்றைச் சொன்னால் எங்கே பார்த்தாய், யார் சொன்னது என்று கேட்பார்கள். பதில் சொல்ல வேண்டும். “எந்தப் பேப்பர்ல வந்துச்சு மாப்ளே? தாளக் காட்டு” என்று கேட்டவுடன் கையிலிருக்கும் தாள்கள் புரளும். பேப்பரில் இல்லை, இன்னார் சொன்னார் என்றால் அந்த இன்னார் சாயங்காலம் வரும்போது கேட்டுவிடுவார்கள். “நான் கேட்டதத்தானே சொன்னேன்” என்ற சமாதானம் பெஞ்சில் எடுபடாது. சொன்னவன் நீ, உன் வாயால் சொன்னாய், நீதான் பொறுப்பு. எல்லாவற்றையும்விடப் பெரிய சட்டம், பொய் சொல்லி மாட்டிக்கொண்டவரும் மறுநாள் காலையில் அதே கடைக்குத்தான் வந்தாக வேண்டும் என்பது. டீக்கு வேறு கடை உண்டு. ஆனால் அங்கேயும் இந்தச் சேதி அவருக்கு முன்பே போய் உட்கார்ந்திருக்கும்.

‘இங்கு அரசியல் பேசக் கூடாது’ என்ற பலகை பல கடைகளில் தொங்கியது. வெளியூர்க்காரர்கள் அதைப் பேச்சுக்குத் தடை என்று நினைப்பார்கள். பேச்சு முற்றிக் கைகலப்பாகும் நேரத்தில் டீ மாஸ்டர் கைநீட்டிக் காட்டுவதற்காக அது அங்கே இருந்தது. அவர் காட்டினால் குரல் இறங்கும். இறங்காதவரை, “எறங்கி ரோட்டுல போய்ப் பேசுங்கண்ணே” என்பார். கடை அவருடையது, யாருக்கு ஓட்டுப் போடுவார் என்பது அவருடைய கட்சிக்காரர்களுக்கே தெளிவாகத் தெரியாது. தினமும் எல்லாக் கட்சிக்காரருக்கும் டீ ஆற்றிக் கொடுக்க வேண்டியவர் அப்படித்தான் இருக்க முடியும். அந்த நடுநிலைக்கு ஈடான ஒன்றை எந்தக் கம்பெனியின் விதிமுறையிலும் நான் காணவில்லை.

பெஞ்சைப் பற்றி நல்லதை மட்டும் எழுதினால் இது பொய்யஞ்சலியாகிவிடும். எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்து டீக்கடைகளில் இரட்டைக் குவளை இருந்தது. இருந்தது என்று முழுக்க இறந்தகாலத்தில் தள்ளவும் முடியாது. 2022 டிசம்பரில் வேங்கைவயல் பட்டியலினக் குடியிருப்பின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்த கொடுமை வெளியே தெரிந்து, அப்போதைய ஆட்சியர் கவிதா ராமுவும் காவல் கண்காணிப்பாளர் வந்திதா பாண்டேயும் அங்கே போனபோது, அந்தப் பகுதி டீக்கடையில் இரட்டைக் குவளை புழங்குவதும் சேர்ந்தே அம்பலமானது; வழக்குப் பதிவானது. ஆக, எல்லோரும் சமமாக உட்கார்ந்து பேசிய பெஞ்சு என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. சிலர் எட்டி நின்று குடித்தார்கள். அவர்கள் காதில் எல்லாம் விழுந்தது. அவர்கள் வாயைத் திறக்க இடம் இருந்ததில்லை. பெண்களும் உட்காரவில்லை. தூக்குவாளியில் டீ வாங்க வந்தவர்கள் ஓரமாக நின்று வாங்கிப் போனார்கள். பெண்களை மட்டமாகப் பேசும் பேச்சு பெஞ்சிலும் எழுந்திருக்கிறது. அதற்குப் பதில் கேட்க ஒரு பெண் அங்கே இருந்ததில்லை என்பது அந்த இடத்தின் தீராத குறை. அந்தப் பேச்சு அந்தக் கடையோடு நின்றது, பேசியவன் இன்னான் என்று தெரிந்தது என்பதை மட்டும்தான் அதன் பக்கம் சொல்ல முடியும்.

வதந்தியும் பெஞ்சுக்குப் புதிதல்ல. 1984 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அப்பல்லோவில் சேர்க்கப்பட்டு, பிறகு அமெரிக்காவில் புரூக்ளின் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்ட மாதங்களில் தமிழ்நாட்டுப் பெஞ்சுகளில் அவர் எத்தனையோ முறை செத்துப் பிழைத்தார். ஆனால் அந்த வதந்திக்கு ஒரு நாள் ஆயுள்தான். டெல்லியிலிருந்து வரும் வானொலிச் செய்தி, இரவு பி.பி.சி. தமிழோசை, காலையில் பேப்பர் என்று ஒவ்வொன்றும் வந்து அதை உரசிப் பார்த்தன. அவர் புரூக்ளினில் சாப்பிடுவதையும் படிப்பதையும் படமெடுத்து ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள். அதையும் பெஞ்சு நம்பியவர், நம்பாதவர் என்று இரண்டாகப் பிரிந்து அலசியது. டிசம்பரில் அவர் ஊரில் இல்லாமலே ஆண்டிபட்டியில் ஜெயித்தார். அத்தனை மாத வாக்குவாதத்தில் யார் என்ன சொன்னார், யார் சொன்னது பலித்தது என்பதை ஊர் நினைவில் வைத்திருந்தது.

அதே அப்பல்லோவில் 2016 செப்டம்பர் 22 அன்று ஜெயலலிதா சேர்க்கப்பட்டார். அதற்குச் சில நாள்கள் முன்பு, செப்டம்பர் 5 அன்று, ஜியோ இலவச டேட்டாவோடு வந்திருந்தது. பெஞ்சின் சாவுக்கு நாள் குறித்தவர் யார் என்று கேட்டால் இந்த இரண்டு தேதிகளையும் சேர்த்துத்தான் நான் காட்டுவேன். 75 நாள் மருத்துவமனை வாசம். மருத்துவமனை விடும் சின்ன அறிக்கைகளைத் தவிர வேறு தகவல் இல்லை. ஆள் வெளியே தெரியவில்லை, படம் வரவில்லை. மக்கள் பேசியாக வேண்டியிருந்தது. பேசுவதற்கு முதன்முறையாக எல்லோர் கையிலும் ஓசிக்கு ஓர் ஊடகம் இருந்தது. டாக்டர் சொன்னது என்று ஆடியோ, நர்ஸ் சொன்னது என்று ஆடியோ. வதந்தி பரப்பியதாகப் போலீஸ் ஆட்களைக் கைது செய்தது. கைது செய்தால் வதந்தி பொய்யென்று ஆகிவிடுமா? மக்கள் அதை ரகசியத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள். டிசம்பர் 5 மாலையில் தொலைக்காட்சிகளே அவர் மறைந்துவிட்டதாகச் சொல்லி, கட்சி அலுவலகக் கொடி இறங்கி, மருத்துவமனை மறுத்ததும் மறுபடி ஏறி, நள்ளிரவை ஒட்டி உண்மையிலேயே மரணம் நிகழ்ந்தது. அந்த ஒரு சாயங்காலத்தோடு பேப்பரைக் காட்டி, டிவியைக் காட்டி வாதாடுவதற்கு இருந்த மதிப்பும் கரைந்தது. அந்த மரணத்தை ஆறுமுகசாமி ஆணையம் 2017 முதல் 2022 வரை விசாரித்தது. அதன் அறிக்கையை முன்வைத்து வாதாட அப்போது பெஞ்சு இல்லை.

2017 ஏப்ரல் 30-ஆம் தேதி பி.பி.சி. தமிழோசை வானொலி ஒலிபரப்பும் நின்றது. 1941-இல் தொடங்கிய குரல், 76 ஆண்டுகள் ஒலித்தது. இணையத்தில் பி.பி.சி. தமிழ் தொடர்கிறது. ஆனால் ஒரே நேரத்தில் எல்லோரும் ஒரே சேதியைக் கேட்டுவிட்டு மறுநாள் காலையில் அதைப் பற்றி மோதிக்கொள்வதற்கு இருந்த பொதுக் கையிருப்பு அதோடு போனது. இப்போது அதே பெஞ்சில் ஆறு பேர் உட்கார்ந்தால் ஆறு பேர் கையிலும் ஆறு வேறு உலகம். ஒருவர் பார்ப்பதை அடுத்தவர் பார்ப்பதில்லை. பார்க்காத ஒன்றை எப்படி மறுப்பது?

போனை வைய எனக்கு மனம் வரவில்லை. செட்டிநாட்டை ஒட்டிய எங்கள் பூமி அந்தக் காலத்தில் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் ஆள் அனுப்பியது. இந்தக் காலத்தில் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் அனுப்புகிறது. எழுதப் படிக்கத் தெரியாத ஓர் அப்பத்தா, துபாயில் இருக்கும் பேரனுக்குத் தன் குரலிலேயே சேதி அனுப்ப முடிகிறது என்றால் அது சாதாரணக் காரியமா? 2013-இல் வாட்ஸ்அப்பில் குரல் செய்தி வந்தபோது படித்தவர்களைவிட அப்பத்தாக்களுக்குத்தான் அதிக லாபம். எட்டி நின்று டீ குடிக்கவைக்கப்பட்டவரின் பேரனுக்கும் போனில் யாரும் தனிக் குவளை வைக்க முடியாது. தனக்கு நடந்த அநீதியைப் படமெடுத்து உலகத்துக்கே காட்ட அவனால் முடிகிறது. போன் கொண்டுவந்தது பெரிய நன்மை. அது கொண்டுபோனதுதான் எனக்குத் துக்கம்.

கொண்டுபோனதைச் சட்டத்தாலும் தொழில்நுட்பத்தாலும் திரும்பக் கொண்டுவர முடியும் என்று நம்பியவர்கள் உண்டு. அந்த வாதத்தின் பெரும்பகுதி நம் தமிழ்நாட்டிலேயே நடந்தது என்பதால் அதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர்ப் பக்கம், கோயிலுக்குப் போன வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த முதிய பெண்மணி ஒருவரைப் பிள்ளை பிடிப்பவர் என்று நினைத்து அடித்தே கொன்றார்கள். பிள்ளை பிடிக்கும் கும்பல் சுற்றுகிறது என்ற வாட்ஸ்அப் சேதிதான் அந்தக் கைகளில் கம்பைக் கொடுத்தது. இந்தியா முழுக்க அப்படிப் பல கொலைகள். ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் ஃபார்வேர்டு செய்ய முடியாதபடி வரம்பு வைத்தது. ஐந்தும் ஐந்துமாகப் பெருகினால் ஓர் ஊருக்கு எத்தனை படி தேவை? பொன்னமராவதிச் சம்பவம் அந்த வரம்பு வந்து ஒன்பது மாதம் கழித்து நடந்தது.

அதே 2018-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் இரண்டு பொதுநல மனுக்கள் போடப்பட்டன. சமூக ஊடகக் கணக்குகளை ஆதாரோடு இணைக்க வேண்டும் என்பது கோரிக்கை. ஆதார் இணைப்பை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் வழக்கு வேறு கேள்விக்கு விரிந்தது: வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு செய்தியை முதலில் அனுப்பியவர் யார் என்று கண்டுபிடிக்க முடியுமா? 2016 ஏப்ரல் முதல் வாட்ஸ்அப் செய்திகள் எல்லாம் என்கிரிப்ஷன் செய்யப்படுகின்றன. அனுப்புபவரின் போனிலேயே செய்தி பூட்டப்படுகிறது, பெறுபவரின் போனில்தான் திறக்கிறது. நடுவில் கம்பெனியிடமும் சாவி கிடையாது. சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் வி. காமகோடி, ஒவ்வொரு செய்தியோடும் அதை முதலில் உருவாக்கியவரின் அடையாளத்தைச் சேர்த்தே அனுப்பலாம், என்கிரிப்ஷனை உடைக்கத் தேவையில்லை என்று நீதிமன்றத்தில் யோசனை சொன்னார். மும்பை ஐ.ஐ.டி. பேராசிரியர் மனோஜ் பிரபாகரன் அதை மறுத்தார்: செயலியைத் திருத்தி வைத்துக்கொண்டு அடையாளத்தை மாற்றி அனுப்பலாம், நிரபராதி மாட்டிக்கொள்வார், குற்றவாளி வேறு செயலிக்குப் போய்விடுவார். ஃபேஸ்புக் எல்லா வழக்குகளையும் உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றக் கேட்டது. 2019 அக்டோபரில் மாறின. 2021 பிப்ரவரியில் ஒன்றிய அரசு கொண்டுவந்த தகவல் தொழில்நுட்ப விதிகள், நீதிமன்றமோ அதிகாரம் பெற்ற அமைப்போ உத்தரவிட்டால் முதலில் அனுப்பியவரைப் பெரிய செயலிகள் காட்டித்தர வேண்டும் என்றன. வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. என்கிரிப்ஷனை உடைக்கச் சொன்னால் இந்தியாவில் இருக்க மாட்டோம் என்று அதன் வழக்கறிஞர் 2024 ஏப்ரலில் அங்கே சொன்னார்.

ஒரு பேராசிரியர் முடியும் என்கிறார், இன்னொருவர் வேண்டாம் என்கிறார். இரண்டு பேரையும் மதிக்கிறேன். என் சார்பு இரண்டாமவர் பக்கம். காரணம் கணிதம் மட்டும் அல்ல. முதலில் பேசியவரைக் கண்டுபிடித்துவிட்டால் பெஞ்சு திரும்பி வந்துவிடும் என்று நினைப்பதே தவறு. பெஞ்சு பிடித்து உலுக்கியது முதலில் சொன்னவரை மட்டும் அல்ல, நடுவில் கைமாற்றிய ஒவ்வொருவரையும். இன்றைக்குத் தேடுதல் வேட்டையெல்லாம் அந்த ஒருவரைக் குறிவைக்கிறது. அவர் கிடைத்தால் மீதி ஆயிரம் பேரும் கை கழுவிக்கொள்ளலாம். அதுபோக, அப்படி ஒரு கருவி கையில் இருந்தால் அது பெண்களை இழிவு செய்தவனைத் தேட மட்டும் பயன்படும் என்று யார் உறுதி கொடுப்பது? மணல் லாரி போகிற நேரத்தை அதிகாரிக்குச் சொன்னவர் யார், ரேஷன் அரிசி கடத்தலைப் படமெடுத்து அனுப்பியவர் யார் என்றும் தேடுவார்கள். கிராமத்தில் பெயர் வெளியே வந்தால் அவர் வீட்டுக்கு என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியாததா?

அதிகாரம் இந்த விஷயத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்குப் பக்கத்திலேயே பழைய உதாரணம் உண்டு. 2012 அக்டோபரில் புதுச்சேரித் தொழிலதிபர் ஒருவர், கார்த்தி சிதம்பரத்தைப் பற்றி ட்விட்டரில் எழுதிய ஒரு வரிக்காக, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவின்கீழ் கைது செய்யப்பட்டார். அவர் எழுதுவதைப் படிக்கிறவர்கள் அப்போது ஒரு பெஞ்சில் உட்காரக்கூடிய அளவுக்குத்தான் இருந்தார்கள். அதே வார்த்தை எந்தச் சிவகங்கைத் தொகுதிப் பெஞ்சிலும் சர்வசாதாரணமாகச் சொல்லப்பட்டிருக்கும். 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் ஸ்ரேயா சிங்கால் வழக்கில் அந்தப் பிரிவையே நீக்கியது. 2018 மே மாதம் 13 பேர் செத்த தூத்துக்குடி துப்பாக்கிச் சூடு தொடங்கிய மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இன்டர்நெட்டைத் துண்டித்தார்கள். வதந்தியைத் தடுக்க என்றார்கள். செத்தவர்கள் யார், சுட்டது ஏன் என்ற கேள்வியும் அதோடு தடுக்கப்பட்டது.

பெஞ்சின் சட்டத்துக்கு மிக நெருக்கமாக ஒரு நீதிமன்றம் வந்ததும் நம்மிடம்தான். 2018 ஏப்ரலில் நடிகரும் பா.ஜ.க. பிரமுகருமான எஸ்.வி. சேகர், பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் ஒரு பதிவை ஃபேஸ்புக்கில் பகிர்ந்தார். எழுதியது நான் அல்ல, வந்ததைப் படிக்காமல் அனுப்பிவிட்டேன் என்றார். முன்ஜாமீன் மனுவை மே மாதம் விசாரித்த நீதிபதி எஸ். ராமதிலகம், ஒரு செய்தியைப் பகிர்வது அதை ஏற்றுக்கொள்வதற்குச் சமம் என்று சொல்லி மனுவைத் தள்ளினார். 2024 பிப்ரவரியில் சென்னைச் சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறைத் தண்டனை விதித்தது; மேல்முறையீடு அதன்பின் தொடர்ந்தது. தண்டனை எவ்வளவு என்பதைவிட அந்தக் கொள்கை எனக்கு முக்கியம். எங்கள் டீ மாஸ்டர் வழக்குப் படிக்காமலே வைத்திருந்த கொள்கை அது. சாக்கு சொன்னவர் பெரிய மனிதர் என்பதற்காக அது வளையவில்லை என்பதும் முக்கியம். ஆனால் ஆறு வருடம் ஆனது. பெஞ்சு அதை அன்று சாயங்காலமே முடித்திருக்கும்.

கருவியால் உண்மை வந்தாலும் ஊர் அதை ஏற்க வேண்டுமே. வேங்கைவயல் வழக்கில் டி.என்.ஏ. சோதனை நடந்தது, குரல் மாதிரி எடுத்தார்கள், போன்களை ஆராய்ந்தார்கள். 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்து, பாதிக்கப்பட்ட குடியிருப்பைச் சேர்ந்த மூன்று பேரையே குற்றவாளிகள் என்றது. அந்தச் சமயத்தில் வழக்கு சம்பந்தமானவை என்று சொல்லப்பட்ட உரையாடல்கள் சமூக ஊடகங்களில் கசிந்தன. அந்த முடிவை அங்குள்ள மக்களும் பல கட்சிகளும் ஏற்கவில்லை. வழக்கின் முடிவை நீதிமன்றம் சொல்லட்டும். நான் பார்ப்பது, எங்கள் மாவட்டத்தில் இவ்வளவு பெரிய விஷயத்தைப் பற்றி இரண்டு தரப்பும் ஒரே இடத்தில் உட்கார்ந்து, சத்தம் போட்டாவது பேசிக்கொள்ள ஓர் இடம் இல்லை என்பதை. அவரவர் குழுவில் அவரவர் ஆடியோ. ஒவ்வொரு குழுவும் தனக்குள் ஒருமனதாக இருக்கிறது. அங்கே மறுத்துப் பேசுகிறவரை அட்மின் நீக்கிவிடுவார். பெஞ்சில் எதிர்க்கட்சிக்காரர் இல்லாவிட்டால் பேச்சே சூடு பிடிக்காது; அவர் வரும்வரை காத்திருப்பார்கள்.

தமிழக அரசு 2023-இல் தகவல் சரிபார்ப்பகம் தொடங்கியது. அந்த ஆண்டு மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்களை இங்கே அடித்துக் கொல்கிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவி, பயந்துபோன தொழிலாளர்கள் ரயில் ஏறியதைப் பார்த்த பிறகு அப்படி ஒன்று தேவையில்லை என்று சொல்ல மாட்டேன். பீகாரில் இந்தியில் கிளம்பும் பொய்யை எங்கள் பெஞ்சு எப்படித் தடுத்திருக்கும்? முடியாது. ஆனால் அரசு ஒன்றைப் பொய் என்று முத்திரை குத்தும்போது ஊர் தானாக ஒரு முடிவுக்கு வருவதில்லை. அரசை நம்புகிறவர் நம்புவார், நம்பாதவர் அந்த முத்திரையையே ஃபார்வேர்டு செய்வார். எதிரே உட்கார்ந்திருப்பவர், நமக்கு வேண்டியவர், நம் வீட்டு நல்லது கெட்டதுக்கு வருகிறவர், “இது தப்புய்யா, நான் அங்கதான் இருந்தேன்” என்று சொல்லும்போது மனம் மாறியதைப் போல எந்த முத்திரைக்கும் மாறி நான் பார்த்ததில்லை.

இந்தப் பெஞ்சுக்கு வாரிசு யார் என்று கேட்டால் கிராம சபையைச் சொல்வேன். பொன்னமராவதிப் பேரூராட்சிக்கு அது இல்லை. சுற்றியுள்ள ஊராட்சிகளுக்கு உண்டு. அங்கே பெண்கள்தான் அதிகம் வருகிறார்கள். மகளிர் குழுவில் கணக்கு எழுதிப் பழகியவர்கள், நூறு நாள் வேலையில் சம்பளம் பாக்கியைக் கேட்டுப் பழகியவர்கள். எல்லோரும் ஒரே கூட்டத்தில் உட்காருகிறார்கள். எழுந்து கேட்கிறவரின் முகம் தெரியும், பெயர் தெரியும். தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து இருக்கும். பெஞ்சு எட்டி நிற்கவைத்தவர்களுக்கு உரிமையோடு பேசும் வழி அங்கே சட்டப்படியே இருக்கிறது. நடத்துகிறவர்கள் அதை அவசரமாக முடித்துவிடப் பார்க்கிறார்கள். எதிர்த்துக் கேட்டால் மைக்கை வாங்கிவிடுவதும் நடக்கிறது. அப்படி வாங்கும்போது யார் வாங்கினார் என்பது எல்லோருக்கும் தெரிகிறது.

ஆண்டுக்கு ஆறு முறைதான் அது கூட வேண்டும் என்று அரசு வைத்திருக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மற்ற நாள்களில் ஒரு பொய்யான ஆடியோ கிளம்பினால் அடுத்த தேதி வரை யாரும் காத்திருக்கப்போவதில்லை.